சார்லஸ்டன் துறைமுகத்தின் பழைய மனிதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்ல்ஸ் டவுன், சார்லஸ்டன் இரண்டும் ஒரே ஊர்தானா?

ஒரே ஊர்தான். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆஷ்லி ஆற்றங்கரையில் 1670இல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். பத்து ஆண்டு கழித்து, ஆஷ்லியும் கூப்பர் ஆறும் கூடும் முனைக்கு ஊரை மாற்றிக்கொண்டார்கள். 1783இல் நகராட்சியாகப் பதிவாகும் வரை அதன் பெயர் சார்ல்ஸ் டவுன். பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாஸ்டனுக்கு எதிர்க்கரையிலும் ஒரு சார்ல்ஸ்டவுன் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரின் பங்கர் ஹில் சண்டை நடந்தது அங்கேதான். தேடலில் இரண்டும் கலந்தே வரும். அரிசி, அவுரி (நீலச் சாயச் செடி), ஆஷ்லி, கூப்பர் என்ற சொற்கள் அருகில் இருந்தால் அது தென்னகத்து ஊர்.

1770களில் இங்கே சுமார் 12,000 பேர் இருந்தார்கள். அன்றைய பதின்மூன்று காலனிகளில் நான்காவது பெரிய நகரம். அதில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமைகள்.

பழைய தேதியையும் தொகையையும் எப்படிப் படிப்பது?

1752 வரை ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி தேதிகளில் ஒரு வருடக் குழப்பம் வரும். இந்த ஊர்ப் புரட்சித் தலைவர் கிறிஸ்டோபர் காட்ஸ்டன் பிறந்தது 1723 பிப்ரவரி 16 என்று ஓரிடத்திலும் 1724 என்று வேறிடத்திலும் இருந்தால் இரண்டும் ஒரே நாள்தான்.

பணத்தில் இன்னும் பெரிய பள்ளம் இருக்கிறது. காலனி தன் சொந்தக் காகிதப் பணத்தை அடித்துக்கொண்டது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் உள்ளூர்ப் பணம் 7 பவுண்டு என்பது லண்டன் ஸ்டெர்லிங்கில் 1 பவுண்டு. பத்திரிகை விளம்பரத்தில் 700 பவுண்டு என்று பார்த்தால் ஏழால் வகுத்துவிட்டு வியப்படையுங்கள். ஆவணம் 'ஸ்டெர்லிங்' என்று தனியாகச் சொல்லாவிட்டால் உள்ளூர்ப் பணம் என்று கொள்வதே பாதுகாப்பு.

இந்தக் குடும்பங்களுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

முதலில் மான்தோல், பிறகு அரிசி, 1740களுக்குப் பிறகு அவுரி. இவற்றோடு சேர்ந்தே அடிமை வியாபாரம். இன்றைய அமெரிக்க நிலப்பகுதிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் இந்தத் துறைமுகம் வழியாக வந்தவர்கள் என்பது பரவலான மதிப்பீடு. இந்த ஊர்ப் பிரமுகர் யாருடைய வாழ்க்கையைப் படித்தாலும் அவருடைய கணக்குப் புத்தகத்தில் தொடங்க வேண்டும். சுதந்திரம் பற்றிய பேச்சுகளை அதற்குப் பிறகு படிக்கலாம்.

அரிசி விளைந்த விதம் நெல் தெரிந்தவர்களுக்குச் சுவையான விஷயம். கடல் ஏற்றம் வரும்போது ஆற்றின் நன்னீர் மேலெழும்பும். அந்த நீரைக் கரை கட்டிய வயலுக்குள் விட்டுப் பாய்ச்சினார்கள். கரைக்கு அடியில் நீளமான மரப்பெட்டி ஒன்றைப் புதைத்து, இரு முனையிலும் தொங்கும் கதவு வைத்தார்கள். நம் மதகின் வேலைதான். ஆனால் கதவைத் திறப்பதும் சாத்துவதும் பெரும்பாலும் தண்ணீரே. ஏற்றத்தில் வெளிக்கதவைத் தூக்கிவிட்டால் உள்ளே பாயும் நீர் உள்கதவைத் தள்ளித் திறக்கும். நீர் திரும்ப முயலும்போது அதே கதவு அழுந்தி மூடிக்கொள்ளும். வயலை வடிக்க வேண்டுமானால் முறையை மாற்றிச் செய்ய வேண்டும். கடலுக்குக் கிட்டே போனால் உப்புத் தண்ணீர் ஏறிப் பயிர் கருகும். ஆற்றில் மேலே போனால் ஏற்றம் எட்டாது. அதனால் இடைப்பட்ட ஒரு பட்டை நிலத்துக்கு மட்டுமே கிராக்கி. மழை பொய்த்த வருடத்தில் உப்பு மேலேறி வந்துவிடும். நண்டு வளை போட்டாலே கரை உடையும். இடுப்பளவு சேற்றில் நின்று அந்தக் கரைகளைக் கட்டியவர்கள் அடிமைகள். நெல் வேலையில் பலருக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலேயே பழக்கம் இருந்தது. முதலாளிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எத்தனை சார்லஸ் பிங்க்னி இருந்தார்கள்? ஒவ்வொரு நூலிலும் வேறு வேறு ஆளாக வருகிறாரே?

நான்கு பேரைப் பிரித்துக்கொண்டால் போதும். மூத்தவர் 1758இல் இறந்த வழக்கறிஞர். சட்டசபைத் தலைவராக இருந்தவர், எலைசா லூகஸின் கணவர். இரண்டாமவர் அவருடைய உடன்பிறந்தார் மகன், கர்னல் சார்லஸ் பிங்க்னி. விடுதலைப் போரில் 1780இல் ஊர் பிரிட்டிஷாரிடம் விழுந்ததும் அவர்கள் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவர். மூன்றாமவர் கர்னலின் மகன், 1757இல் பிறந்தவர். 1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பில் கையெழுத்திட்டு, பின்பு பலமுறை ஆளுநராக இருந்தவர். நான்காமவர் சார்லஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி, மூத்தவருக்கும் எலைசாவுக்கும் 1746இல் பிறந்த மகன். அவரும் அதே அரசியலமைப்பில் கையெழுத்திட்டார்.

நம் முறையில் சொன்னால், கையெழுத்திட்ட இருவரும் சித்தப்பாவும் மகனும். கர்னல், கோட்ஸ்வொர்த்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். 1804, 1808 இரண்டு தேர்தல்களிலும் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவரும், 1797இல் பிரெஞ்சு அமைச்சரின் ஆட்கள் லஞ்சம் கேட்டபோது ஆறு பென்ஸ்கூடத் தர மாட்டேன் என்று மறுத்தவரும் கோட்ஸ்வொர்த்தான். பெயரில் 'கோட்ஸ்வொர்த்' இல்லையென்றால் பிறந்த ஆண்டைப் பாருங்கள். வேறு குறுக்குவழி இல்லை.

எலைசா லூகஸ் பிங்க்னி அவுரியைக் கண்டுபிடித்தாரா?

இல்லை. கரோலினாவில் அவருக்கு முன்பும் சிலர் அவுரி போட்டுப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். சந்தைக்குப் போகும் தரத்தில் சாயக்கட்டி எடுத்துக் காட்டியதும், விதையை மற்றவர்களுக்குப் பகிர்ந்ததும் எலைசாவின் பங்கு.

1722 டிசம்பர் 28 அன்று பிறந்தவர். ஆன்டிகுவா தீவைச் சேர்ந்த குடும்பம், லண்டனில் படிப்பு. 1738இல் குடும்பம் சார்லஸ்டன் அருகே வாப்பூ பண்ணைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தந்தை ராணுவ வேலையாக ஆன்டிகுவா திரும்பிவிட, மூன்று பண்ணைகளின் பொறுப்பும் அந்தப் பெண்ணிடம் வந்தது. தந்தை மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பலவித விதைகளை அனுப்பினார். முதல் அவுரிப் பயிரை உறைபனி கொன்றது. அடுத்ததில் மிகச் சில செடிகளே தேறின. மொன்செராட் தீவிலிருந்து நிக்கலஸ் குரோம்வெல் என்ற சாய நிபுணரைச் சம்பளத்துக்கு வரவழைத்தார்கள். இங்கே தொழில் தழைத்தால் தன் தீவு கெட்டுவிடும் என்று அஞ்சிய அவர், சுண்ணாம்பு நீரை வேண்டுமென்றே அதிகமாக ஊற்றி நிறத்தைக் கெடுத்ததை எலைசா கண்டுபிடித்தார். 1744இல் நல்ல சரக்கு 17 பவுண்டு எடை கிடைத்தது. பெரும்பகுதியை விதைக்காக விட்டு, அண்டை பண்ணைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

சுண்ணாம்பு கூடினால் சாயம் ஏன் கெடுகிறது? தயாரிப்பு முறை என்ன?

மூன்று தொட்டிகள் படிக்கட்டுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பூ வரும் தறுவாயில் செடியை அறுத்து, வாடுவதற்குள் மேல் தொட்டியில் அடுக்கி, மிதக்காமல் கட்டைகளால் அழுத்தித் தண்ணீர் விடுவார்கள். வெப்பத்தைப் பொறுத்துப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புளிக்கும். நுரை கட்டி, நீர் பசுமஞ்சளாகும். முன்னதாகத் திறந்தால் சாயம் இலையிலேயே தங்கிவிடும். தாமதித்தால் அழுகிப் போகும். அந்த நொடியைக் கண்டும் முகர்ந்தும் முடிவு செய்கிறவர்தான் தொழிலின் உயிர்.

பிறகு நடுத்தொட்டிக்குத் திறந்துவிட்டுத் துடுப்புகளால் அடிப்பார்கள். காற்று கலக்கக் கலக்க நீர் நீலமாகித் துகள் திரளும். துகள் சீக்கிரம் அடியில் படிய அளவாகச் சுண்ணாம்பு நீர் சேர்ப்பார்கள். அளவு மீறினால் சுண்ணாம்பும் கூடவே படிந்து கட்டி சாம்பல் பூத்து, கனத்து, விலை இறங்கும். குரோம்வெல் செய்தது இதைத்தான். மேல்நீரை வடித்து, சேற்றுப் பதத்தில் இருப்பதைப் பைகளில் தொங்கவிட்டு, அழுத்தி, சதுரக் கட்டிகளாக வெட்டி நிழலில் உலர்த்துவார்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். அழுகல் நாற்றமும் ஈயும் தாங்காது என்பதால் தொட்டிகளை வீட்டுக்குத் தொலைவில் வைத்தார்கள். இரவெல்லாம் அந்தத் தொட்டியோரம் நின்றவர்களுக்கு அந்தத் தொலைவு கிடைக்கவில்லை.

அவர்களில் ஒருவர் பெயர் தெரியும்: குவாஷ், பண்ணையின் தச்சர். தொட்டி வேலையிலும் பின்பு பிங்க்னி மாளிகை வேலையிலும் உழைத்தவர். ஜான் வில்லியம்ஸ் என்ற பெயரில் 1750இல் விடுதலை பெற்றார்.

அந்தத் தொழில் ஏன் நின்றது?

அதைத் தூக்கி நிறுத்தியது மானியம். பிரெஞ்சுச் சாயத்தை நம்பியிருக்க விரும்பாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1748இல் ஒரு பவுண்டு எடைக்கு 6 பென்ஸ் ஊக்கத்தொகை அறிவித்தது. போருக்கு முன் ஏற்றுமதி ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுண்டு எடையைத் தாண்டியது. சுதந்திரம் கிடைத்ததும் மானியம் போனது. லண்டன் சந்தையை வங்காள அவுரி பிடித்துக்கொண்டது. பண்ணையாளர்கள் பருத்திக்கு மாறினார்கள். எலைசா 1793 மே மாதம் பிலடெல்பியாவில் புற்றுநோயால் இறந்தார். சவப்பெட்டியைத் தாங்கி நடந்தவர்களில் குடியரசுத் தலைவர் வாஷிங்டனும் ஒருவர்.

அமெரிக்காவின் முதல் பெண் பத்திரிகை ஆசிரியர் இந்த ஊர்க்காரரா?

எலிசபெத் திமோதியை அப்படிச் சொல்வது வழக்கம். கணவர் லூயிஸ் திமோதி, பெஞ்சமின் பிராங்க்ளினுடைய கூட்டாளி. ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு: அச்சு இயந்திரம் பிராங்க்ளினுடையது, செலவில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது, லாபத்திலும் அதே பங்கு. 1738 டிசம்பரில் லூயிஸ் விபத்தில் இறந்தார். ஒப்பந்தப்படி தொழில் மகன் பீட்டருக்குப் போக வேண்டும். அவனோ பதின்மூன்று வயதுப் பையன். எலிசபெத் வாரம் தவறாமல் 'சவுத் கரோலினா கெசட்'டை நடத்தினார், ஆனால் தாளில் அச்சான பெயர் பீட்டருடையது. 1746 வரை இப்படியே. நூலகப் பட்டியலில் எலிசபெத்தைத் தேடினால் சட்டென்று கிடைக்காததற்குக் காரணம் இதுதான். 1739 முதல் 1746 வரையிலான இதழ்களைப் பீட்டர் பெயரில் தேடுங்கள்.

கணவர் கணக்கே ஒழுங்காக அனுப்பியதில்லை, மனைவியோ மூன்று மாதத்துக்கொரு முறை துல்லியமாக அனுப்பினார் என்று பிராங்க்ளின் தன் சுயசரிதையில் பாராட்டுகிறார். எலிசபெத் பிறந்து வளர்ந்த ஹாலந்தில் பெண்களுக்குக் கணக்கு கற்பிப்பார்களாம். பீட்டர் 1782இல் கடலில் இறந்தபின் அவர் மனைவி ஆன் பத்திரிகையை மறுபடி தொடங்கி, மாநில அரசின் அச்சாளராகவும் இருந்தார். மாமியாரும் மருமகளும் நடத்திய பத்திரிகை என்றே இதைச் சொல்லலாம்.

சீசர் என்ற அடிமை வைத்தியருக்குச் சட்டசபை விடுதலை கொடுத்தது உண்மையா?

உண்மை. நஞ்சுக்கும் பாம்புக்கடிக்கும் அவர் வைத்திருந்த மருந்தை வெளியிடுவதற்கு ஈடாக 1750இல் விடுதலையும், வாழ்நாள் முழுக்க ஆண்டுக்கு 100 பவுண்டும் கொடுத்தார்கள். சபையின் கணக்கு உள்ளூர்ப் பணத்தில் நடந்தது. ஏழால் வகுத்தால் 14 பவுண்டு சொச்சம். செய்முறை அதே ஆண்டு கெசட்டில் வந்தது: பிளான்டைன் செடி, காட்டு ஹோர்ஹவுண்ட் செடி இரண்டின் வேரும் சேர்த்து மூன்று அவுன்ஸ்; இரண்டு குவார்ட்டு தண்ணீரில் போட்டு ஒரு குவார்ட்டாகச் சுண்டும் வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும்; மூன்றில் ஒரு பங்காக மூன்று நாள் காலை வெறும் வயிற்றில். இங்கே பிளான்டைன் என்றது வாழையை அல்ல, சாலையோரம் முளைக்கும் சிறு பூண்டை. இது வரலாற்றுச் செய்தி மட்டுமே. பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஹென்றி லாரன்ஸை விடுதலை வீரர் என்பதா, அடிமை வியாபாரி என்பதா?

இரண்டும்தான், அதுவும் பெரிய அளவில். 1724இல் பிறந்தவர், ஹியூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்) வழிவந்தவர். 1750களில் அவருடைய 'ஆஸ்டின் அண்ட் லாரன்ஸ்' நிறுவனம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை விற்றுக்கொடுத்தது. விற்பனைத் தரகு நூற்றுக்குப் பத்து. அந்தப் பணத்தில் கூப்பர் ஆற்றோரம் மெப்கின் பண்ணையை வாங்கினார். 1777 நவம்பர் முதல் 1778 டிசம்பர் வரை, காலனிகளின் பொதுச் சபையான காங்கிரஸின் தலைவர்.

1780இல் ஹாலந்துக்குத் தூதராகப் புறப்பட்டவரை நியூஃபவுண்ட்லாந்து அருகே பிரிட்டிஷ் போர்க்கப்பல் பிடித்தது. கையிலிருந்த காகிதங்களைக் கடலில் எறிந்தார். பை முழுதாக அமிழவில்லை. கொக்கி போட்டு எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த டச்சு ஒப்பந்த வரைவைக் காரணம் காட்டியே பிரிட்டன் ஹாலந்து மீது போர் அறிவித்தது. லாரன்ஸ் லண்டன் டவர் சிறையில் பதினைந்து மாதம் கிடந்தார். அறை வாடகை, காவலர் கூலி எல்லாம் கைதியின் தலையில்! முதலில் ஜாமீனில் வெளிவந்து, பிறகு யார்க்டவுனில் பிடிபட்ட பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு மாற்றாக விடுவிக்கப்பட்டார். அந்தக் கார்ன்வாலிஸ்தான் அதே டவரின் பெயரளவிலான காவல் தலைவர்.

1782 நவம்பர் 30 அன்று பாரிஸில் சமாதான முன்வரைவு கையெழுத்தானது. கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த லாரன்ஸ், பிரிட்டிஷ் படை திரும்பும்போது 'நீக்ரோக்களையோ வேறு சொத்துகளையோ' கொண்டுபோகக் கூடாது என்ற வாசகத்தைச் சேர்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி ரிச்சர்ட் ஆஸ்வால்ட், அடிமை வியாபாரத்தில் லாரன்ஸின் பழைய கூட்டாளி. லாரன்ஸை டவரிலிருந்து ஜாமீனில் எடுத்தவரும் ஆஸ்வால்டே. அப்படிக் 'கொண்டுபோகப்பட' இருந்தவர்களில் ஒருவர் பாஸ்டன் கிங். சார்லஸ்டன் அருகே பிறந்து பிரிட்டிஷ் பக்கம் தப்பியோடியவர். அந்த வாசகத்தால் அவரைத் தடுக்க முடியவில்லை. நோவா ஸ்கோஷியா போய், அங்கிருந்து சியரா லியோன் சேர்ந்து, 1798இல் தன் வரலாற்றை அச்சிலும் ஏற்றினார்.

அடிமைத்தனத்தை வெறுப்பதாக 1776 ஆகஸ்டில் மகனுக்கு லாரன்ஸ் எழுதிய கடிதம் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதே கடிதத்தில், தன்னிடம் இருப்பவர்களை ஏலம் விட்டால் 20,000 பவுண்டு ஸ்டெர்லிங் வரும் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார். சாகும்போதும் நூற்றுக்கணக்கானோர் அவருடைய உடைமை. மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அவர் தன் உடலை எரிக்கச் சொன்னது ஏன்?

கிறிஸ்தவர் எரிப்பது அன்று கேள்விப்படாத சங்கதி. மகள் மார்த்தா குழந்தையாக இருந்தபோது அம்மை கண்டு இறந்துவிட்டதாக எடுத்து வைத்தார்கள். காற்றுப்பட்டதும் உயிர் வந்தது. உயிரோடு புதைபடும் பயம் தந்தைக்கு அன்று பிடித்தது. உடலைப் பன்னிரண்டு கெஜம் முரட்டுத் துணியில் சுற்றி, முழுதும் எரியும் வரை எரிக்க வேண்டும் என்று உயில் எழுதினார். 1792 டிசம்பரில் மெப்கினில் அப்படியே நடந்தது.

மகன் ஜான் லாரன்ஸ் என்ன செய்தார்?

வாஷிங்டனின் உதவி அதிகாரி. அடிமைகளைப் படையில் சேர்த்து, போர் முடிந்ததும் விடுதலை செய்யலாம் என்று வாதாடினார். 1779 மார்ச்சில் 3,000 பேரைச் சேர்க்கக் காங்கிரஸும் பரிந்துரைத்தது. உடைமையாளருக்குத் தலைக்கு ஆயிரம் டாலர் வரை ஈடு. தென் கரோலினா சட்டசபை அதைத் தூக்கி எறிந்தது. யார்க்டவுனில் போர் ஏறக்குறைய முடிந்தபின், 1782 ஆகஸ்ட் 27 அன்று கம்பாஹி ஆற்றோரச் சிறு மோதலில் இறந்தார். வயது 27.

மஞ்சள் பாம்புக் கொடி காட்ஸ்டனுடையதுதானா?

ஆம். சுருண்ட கிலுகிலுப்பைப் பாம்பும் 'என்னை மிதிக்காதே' என்ற வாசகமும் கொண்ட அந்தக் கொடியை 1776 பிப்ரவரி 9 அன்று மாகாணக் காங்கிரஸிடம் கொடுத்தார். 1780இல் ஊர் விழுந்தபின் அவரை செயின்ட் அகஸ்டினுக்கு நாடுகடத்தினார்கள். புதிதாக உறுதிமொழி கொடுக்க மறுத்ததால் 42 வாரம் கோட்டையின் நிலவறையில் தனிச்சிறை. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குள் நடமாடினார்கள். அவர் கட்டிய கப்பல்துறைதான் அடுத்த தலைமுறையில் அடிமைக் கப்பல்கள் வந்து அணைந்த முக்கிய இடமானது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1776இல் ஒரு மரக்கோட்டை பிரிட்டிஷ் கடற்படையை எப்படித் தாங்கியது?

மூன்று காரணங்கள்: மரம், மணல், பிரிட்டிஷாரின் தவறான தகவல். சல்லிவன் தீவில் கர்னல் வில்லியம் மௌல்ட்ரி கட்டிய கோட்டை பாதி முடியாமலே இருந்தது. பால்மெட்டோ என்ற பனையினத்து மரத்தின் தண்டுகளை இரண்டு வரிசையாக 16 அடி இடைவெளியில் அடுக்கி, நடுவே மணல் கொட்டியிருந்தார்கள். ஓக் மரச்சுவர் குண்டு பட்டால் சிலும்பாகத் தெறிக்கும்; பெரும்பாலான சாவு அந்தச் சிலும்பினால்தான். நார்ப்பிடிப்புள்ள பால்மெட்டோ குண்டை உள்வாங்கிக்கொண்டது. வந்து பார்த்த அமெரிக்கத் தளபதி சார்லஸ் லீ, இது கசாப்புக் கொட்டில், விட்டுவிடுங்கள் என்றார். மௌல்ட்ரி கேட்கவில்லை.

ஜூன் 28 அன்று சர் பீட்டர் பார்க்கரின் ஒன்பது கப்பல்கள் வந்தன. அவர்களிடம் முந்நூறு பீரங்கி அளவில். கோட்டையில் முப்பது சொச்சம், ஆட்கள் நானூற்றுச் சொச்சம். வெடிமருந்து பீரங்கிக்கு 28 குண்டுக்குத்தான் வரும். அதனால் மெதுவாக, குறிபார்த்துச் சுட்டார்கள். பற்றாக்குறையே துல்லியத்தைக் கொடுத்தது. பக்கவாட்டில் திறந்து கிடந்த சுவரைத் தாக்கச் சுற்றி வந்த மூன்று கப்பல்களும் மணல்திட்டில் ஏறி மாட்டின, 'ஆக்டியான்' எரிந்தது. அடுத்த தீவில் இறங்கிய பிரிட்டிஷ் தளபதி கிளின்டனின் தரைப்படை, கால்வாயில் ஒன்றரை அடித் தண்ணீர்தான் என்று நம்பி வந்தது. நின்றதோ ஏழு அடி. பார்க்கரின் கால்சட்டையே கிழிந்து பறந்தது. எதிரிகள் அதைப் பல காலம் சொல்லிச் சிரித்தார்கள். மாநிலக் கொடியில் பால்மெட்டோ மரம் நிற்பது இந்த நாளுக்காக.

பாஸ்டன்போல இங்கும் தேயிலையைக் கடலில் கொட்டினார்களா?

முதல் முறை இல்லை. 1773 டிசம்பரில் 'லண்டன்' கப்பலில் வந்த 257 பெட்டி கிழக்கிந்தியக் கம்பெனித் தேயிலையை யாரும் எடுக்கவில்லை. வரி கட்டக் கெடுவான இருபது நாள் முடிந்ததும் சுங்கத்துறை பறிமுதல் செய்து, வணிகர்கள் கூடும் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பூட்டி வைத்தது. 1776இல் புரட்சியாளர்களே அதை விற்றுச் செலவுக்கு எடுத்துக்கொண்டார்கள். கொட்டியது 1774 நவம்பரில், ஏழு பெட்டி மட்டும்.

தாமஸ் ஜெரமையா யார்?

சுதந்திரமான கறுப்பினத்தவர், துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமி, மீன் வியாபாரி. ஆயிரம் பவுண்டு ஸ்டெர்லிங் அளவுக்குச் சொத்து. அவரிடமே அடிமைகள் இருந்தார்கள். மணல்திட்டுகளுக்கு நடுவே எந்தக் கால்வாய் ஆழம் என்பது அவருக்குத் தெரியும். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு வழிகாட்டப் போகிறார், அடிமைகளைக் கிளப்பப் பார்க்கிறார் என்று 1775 ஜூனில் பிடித்தார்கள். 1740ஆம் ஆண்டு அடிமைச் சட்டத்தின்படி, ஜூரி இல்லாமல் நீதிபதிகளும் சில நிலவுடைமையாளர்களும் விசாரித்தார்கள். சாட்சிகள் அடிமைகள், ஒருவர் சொன்னதை மாற்றியும் சொன்னார். ஆளுநர் வில்லியம் கேம்பல் மன்றாடியும் பலிக்கவில்லை. ஹென்றி லாரன்ஸ் அவரைக் குற்றவாளி என்றே நம்பினார். ஆகஸ்ட் 18 அன்று தூக்கிலிட்டு எரித்தார்கள். ஒரு மாதத்தில் ஆளுநர் போர்க்கப்பலுக்கு ஓடினார். பத்து மாதம் கழித்து அதே துறைமுகத்தில், சரியான வழிகாட்டி இல்லாமல் மூன்று கப்பல்கள் திட்டில் ஏறின.

ஐசக் ஹெய்னை ஏன் தூக்கிலிட்டார்கள்?

1780 மே 12 அன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் ஊர் சரணடைந்தது. இனிச் சண்டையிட மாட்டேன் என்று உறுதி கொடுத்தவர்கள் வீட்டில் இருக்கலாம் என்பது ஏற்பாடு. ஜூனில் கிளின்டன் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தார்: மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடு, அல்லது எதிரி. வீட்டில் அம்மை கண்டிருக்க, வைத்தியம் தேடி ஊருக்கு வந்த ஹெய்ன், ஆயுதம் தூக்கச் சொல்ல மாட்டோம் என்ற வாய்மொழியை நம்பிக் கையெழுத்திட்டார். பின்பு படைக்குக் கூப்பிட்டதும், ஒப்பந்தம் முறிந்தது என்று மறுபக்கம் போய்ச் சேர்ந்தார். பிடிபட்டபோது முறையான விசாரணை நடக்கவில்லை. பிரிட்டிஷ் படை அதிகாரிகள் பால்ஃபோர், ராடன் பிரபு இருவரின் உத்தரவில் 1781 ஆகஸ்ட் 4 அன்று தூக்கு.

இவர்களில் யாருக்காவது நம் நாட்டோடு தொடர்பு உண்டா?

எதிர்ப்பக்கத்தில் மூவர். இந்த ஊரைப் பிடித்த படையில் இருந்து, தெற்குப் படைக்குத் தலைமை ஏற்ற கார்ன்வாலிஸ் 1786 முதல் 1793 வரை இந்தியாவின் தலைமை ஆளுநர். திப்புவுடன் அவர் 1792இல் செய்த உடன்படிக்கையில்தான் சேலம், திண்டுக்கல் பகுதிகள் கம்பெனி கைக்கு வந்தன. அவர் சிலை சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஹெய்னைத் தூக்கிலிட்ட ராடன், 1813 முதல் 1823 வரை ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பெயரில் அதே பதவியில் இருந்தவர். வாரன் ஹேஸ்டிங்ஸ் வேறு ஆள். தெற்கே அடுத்த துறைமுகமான சவானாவை 1778 டிசம்பரில் பிடித்த ஆர்ச்சிபால்ட் கேம்பல், 1786 முதல் 1789 வரை சென்னை ஆளுநர்.

சுதந்திரப் பிரகடனத்தில் தென் கரோலினா சார்பில் கையெழுத்திட்டவர்கள் யார்?

எட்வர்ட் ரட்லெட்ஜ், தாமஸ் ஹேவர்ட், தாமஸ் லின்ச், ஆர்தர் மிடில்டன். ரட்லெட்ஜுக்கு 26 வயது, பிரகடனத்தில் கையெழுத்திட்ட அனைவரிலும் இளையவர். லின்ச் 1779இல் கடலில் காணாமல் போனதால் அவர் கையெழுத்து மிக அரிது, போலிகளும் உண்டு. மற்ற மூவரும் 1780இல் சிறைப்பட்டார்கள்.

கருந்தாடிக் கொள்ளையன் இங்கேதான் தூக்கிலிடப்பட்டானா?

இல்லை. பிளாக்பியர்ட் 1718 மே மாதம் துறைமுகத்தை மறித்து, பிணையாட்களைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒரு மருந்துப்பெட்டி. அவன் நவம்பரில் வட கரோலினாவில் சண்டையில் செத்தான். இங்கே ஒயிட் பாயின்ட்டில் தூக்கிலிடப்பட்டவன் ஸ்டீட் பானட், பார்படோஸ் நிலக்கிழார். கொள்ளைக்கப்பலைக் காசு கொடுத்து வாங்கி, ஆட்களுக்குச் சம்பளமும் கொடுத்த விசித்திரன்.

நேரில் போனால் எதை நம்பிப் பார்க்கலாம்?

எக்ஸ்சேஞ்ச் கட்டடம் 1771இல் முடிந்த அசல். ஹெய்ன் அடைபட்டிருந்தது இங்கேதான். சர்ச் தெரு 87இல் ஹேவர்டின் வீடும் அசல். 1791இல் வாஷிங்டன் தங்கியது. பிராட் தெரு 116இல் எட்வர்டின் அண்ணன் ஜான் ரட்லெட்ஜின் வீடு இப்போது தங்கும் விடுதி. இன்று நிற்கும் மௌல்ட்ரி கோட்டை 1809இல் முடிந்த மூன்றாவது கோட்டை, செங்கல்லால் ஆனது. பால்மெட்டோ கோட்டையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்னீ பண்ணையில் இருக்கும் வீடு அதன் உடைமையாளரான மூன்றாம் சார்லஸ் பிங்க்னி (1757இல் பிறந்தவர்) காலத்துக்குப் பிந்தியது. எலைசாவின் மாளிகை 1861 தீயில் போனது. கல்லறைகளில், ஜான் ரட்லெட்ஜும் கோட்ஸ்வொர்த்தும் செயின்ட் மைக்கேல்ஸில். எட்வர்ட் ரட்லெட்ஜும் காட்ஸ்டனும் செயின்ட் பிலிப்ஸில். மெப்கின் 1949 முதல் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம். போகுமுன் பார்வை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். காட்ஸ்டனின் கப்பல்துறை இருந்த இடத்தில் 2023 ஜூனில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தது. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் அங்கே போய்விட்டு, மதியம் எக்ஸ்சேஞ்ச் பார்க்கலாம். மற்ற மாளிகைகளில் வழிகாட்டி சொல்லும் கதையைச் சரிபார்க்க அந்த வரிசை உதவும்.